அணைத்துப் போடும் முன் ஐந்து நிமிடம்

அலுவலகத்தில் நெட் நின்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: ரவுட்டரை அணைத்துப் போடு. அதற்கும் அசையவில்லையென்றால் ஸ்விட்ச், அதாவது கணினிகளின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி. அப்புறம் இந்தக் கருவிகளை அடுக்கி வைத்திருக்கும் ரேக்குக்குப் போகும் மின்சாரத்தையே. பாதி நேரம் இது வேலையும் செய்துவிடும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நெட் வந்ததும் எல்லோரும் இருக்கைக்குத் திரும்பிவிடுவார்கள். ஏன் நின்றது என்ற கேள்வி அத்தோடு முடிந்துவிடும். மறுநாளோ அடுத்த வாரமோ மறுபடி அதே குரல்: "சார், நெட் வரலை."

அலுவலக நெட்வொர்க்குகளைப் பார்த்துக்கொள்வது பல வருடங்களாக என் வேலை. ரீஸ்டார்ட்டுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அதற்கு முன் ஐந்து நிமிடம் பார்த்துவிட வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன். போலீஸ் வருவதற்குள் சம்பவ இடத்தைக் கழுவிவிட்டது மாதிரிதான், பார்க்காமல் அணைத்துப் போடுவது.

என்னென்ன போகும்? முதலில் லாக், கருவி தனக்கு நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் குறிப்பேடு. பெரும்பாலான ஸ்விட்சுகளும் ரவுட்டர்களும் லாக்கை ரேமில்தான் வைத்திருக்கின்றன. மின்சாரம் போனால் அதுவும் போச்சு. அப்புறம் போர்ட் கவுன்ட்டர்கள், கேபிள் செருகும் ஒவ்வொரு துளைக்கும் ஓடும் கணக்கு. எந்த போர்ட்டில் எத்தனை பிழை, எத்தனை மோதல் என்ற கணக்கெல்லாம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எந்த மேக் முகவரி (கருவிக்குத் தயாரிப்பிலேயே வரும் எண்) எந்த போர்ட்டில் இருக்கிறது என்ற பட்டியல், எந்த ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு உரியது என்ற ஏஆர்பி பட்டியல், உள்ளிருந்து வெளியே திறந்திருக்கும் இணைப்புகளை ரவுட்டர் குறித்து வைக்கும் நாட் பட்டியல், எல்லாம் காலி. 'இந்தக் கருவி எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது' என்ற தகவல்கூட ஒரு துப்புதான். யாரும் தொடாத ரவுட்டர் இரண்டு மணி நேரமாகத்தான் ஓடுகிறேன் என்று காட்டினால், அது தானாக விழுந்து எழுந்திருக்கிறது. அப்போது சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை, அடாப்டரை, சூட்டை. நீங்களே ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டால் அந்தத் துப்பும் அழிந்துவிடும்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்சுகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக் (அமைப்புகள்) வேறு, சேமித்து வைத்திருக்கும் கான்ஃபிக் வேறு. மாற்றம் செய்தவர் சேமிக்க மறந்திருந்தால், அடுத்த ரீஸ்டார்ட்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. ஓர் அலுவலகத்தில் எனக்கு முன்பு இருந்தவர் ஒரு புதிய பிரிவுக்காக விலான் என்ற தனி வலை ஒன்றைச் சேர்த்துவிட்டுச் சேமிக்காமல் போயிருந்தார். பல மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் வேறு யாருக்கோ பிரின்டர் வேலை செய்யவில்லை என்று ஒருவர் அந்த ஸ்விட்சை அணைத்துப் போட்டார். ஸ்விட்ச் பழைய கான்ஃபிக்கோடு எழுந்தது, புதிய பிரிவு முழுக்க இருட்டு. பிரின்டரும் வேலை செய்யவில்லை.

சரி, அந்த ஐந்து நிமிடத்தில் என்ன பார்ப்பது? முதல் வேலை கருவியிடம் இல்லை, ஆட்களிடம். யாருக்கு வரவில்லை? ஒருவருக்கா, ஒரு வரிசைக்கா, ஒரு மாடிக்கா, எல்லோருக்குமா? கம்பியில் வரவில்லையா, வைஃபையில் மட்டுமா? எப்போதிலிருந்து? எதுவுமே வரவில்லையா, இல்லை ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா? 'நெட் வரலை' என்ற இரண்டு சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கும். ஒரு மாடிக்கு மட்டும் இல்லையென்றால் அந்த மாடி ஸ்விட்சும் அதிலிருந்து மேலே போகும் கேபிளும்தான் குற்றவாளிகள். ரவுட்டர் பக்கம் போகவே தேவையில்லை.

அடுத்து, புகார் வந்த கணினியிலேயே உட்கார்ந்து அதன் ஐபி முகவரியைப் பார்ப்பேன். 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வர் பதில் தராததால் கணினி தானே ஒரு முகவரியை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். உங்கள் அலுவலக முகவரி வரிசையில் இல்லாத வேறு முகவரி வந்திருந்தால் அது தனிக்கதை, பின்னால் வருகிறேன். முகவரி சரியென்றால் பிங், 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நிரல். முதலில் கேட்வேக்கு, அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டருக்கு. அது வந்தால் வெளியே உள்ள ஏதாவது ஓர் ஐபி எண்ணுக்கு. அதுவும் வந்தால் பெயரைப் போட்டு. எண்ணுக்குப் போய்ப் பெயருக்குப் போகவில்லையென்றால் கோளாறு பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். இவ்வளவுதான், பாதையைப் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே வருவது.

பிங் பிறந்த கதையும் இப்படித்தான். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், நெட்வொர்க் ஒன்று விநோதமாக நடந்துகொள்கிறதே என்று பார்ப்பதற்காக எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை வைத்துப் பெயர் வைத்தார். இன்றும் அதற்கு ஈடான கருவி கிடையாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: பிங் போகிறது என்பதால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. என் அனுபவத்தில் ஆட்களை அதிகம் அலைக்கழித்த கோளாறுகளில் பிங் அழகாகப் போய்க்கொண்டுதான் இருந்தது.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் புதிதாக லீஸ்டு லைன் (அலுவலகத்துக்கென்றே ஒரு தனி இணைப்பு) போட்டார்கள். பிங் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) விடாமல் வந்தது. ஆனால் பெரிய ஃபைல் எதையும் ஏற்ற முடியவில்லை. தொடங்கும், தவழும், நின்றுவிடும். சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டால், "எங்க பக்கம் எல்லாம் ஓகே சார், ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அது ஒரு மாயை. நெட் இல்லாத நேரத்தில் எல்லோரும் வேலையை விட்டிருப்பார்கள், சுமை இல்லாததால் வேகமாகத் தெரியும். நான் போனதும் செய்தது போர்ட் கவுன்ட்டரைப் பார்த்தது மட்டும்தான். நம் பக்கம் போர்ட் 100 எம்பிபிஎஸ், ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று நின்றிருந்தது. ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும், ஃபுல் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசலாம். 'லேட் கொலிஷன்', அதாவது தாமதமாக நேரும் மோதல்களின் எண்ணிக்கை, நான் பார்க்கப் பார்க்க ஏறியது.

இதன் காரணம் பழையது. வேகத்தையும் டூப்ளெக்ஸையும் இரண்டு பக்கமும் தாமே பேசி முடிவு செய்துகொள்ளும் ஏற்பாடு 1995-ல் வந்த ஃபாஸ்ட் ஈதர்நெட் தரத்தோடு வந்தது. ஆனால் ஒரு பக்கம் '100, ஃபுல்' என்று கையால் பூட்டிவிட்டால் அது பொதுவாகப் பேசுவதை நிறுத்திவிடும். மறுபக்கத்துக்கு எதிராளியின் வேகம் புரியும், டூப்ளெக்ஸ் புரியாது. புரியாதபோது ஹாஃப் என்று எடுத்துக்கொள் என்பதுதான் விதி. அப்போது ஒரு பக்கம் எப்போது வேண்டுமானாலும் பேசும். இன்னொரு பக்கம் எதிராளி பேசுவதைக் கேட்டால் நிறுத்தும், மோதிவிட்டது என்று நினைத்துத் திரும்ப அனுப்பும். பிங் மாதிரி சின்னச் சின்னப் பாக்கெட்டுகள், ஒன்று போய் ஒன்று வருவதால், மோதாமல் தப்பிவிடும். பெரிய ஃபைல்தான் மாட்டிக்கொள்ளும். ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷன், ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தரவு): இந்த ஜோடியைக் கண்டால் வேறு எதையும் தேட வேண்டாம். இரண்டு பக்கமும் ஆட்டோ, அல்லது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பூட்டு. செம்புக் கம்பியில் ஓடும் ஜிகாபிட்டுக்கு இந்தப் பேச்சுவார்த்தை கட்டாயம் என்பதால் இப்போது இது குறைந்துவிட்டது. முற்றிலும் ஒழியவில்லை.

கேபிளையும் இதே இடத்தில் சொல்லிவிடலாம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டே போதும், ஜாக்கில் 1, 2, 3, 6 என்ற முனைகள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நாற்காலிச் சக்கரம் ஏறி ஒரு ஜோடி அறுந்தால், பல கருவிகள் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிவிடும். லிங்க் லைட் எரியும், நெட் வரும், 'கொஞ்சம் ஸ்லோ' அவ்வளவுதான். அதனால் லைட் எரிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், என்ன வேகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். சிஆர்சி பிழை ஏறிக்கொண்டே போனால் முதலில் பேட்ச் கார்டை (கருவியில் செருகும் குட்டைக் கேபிளை) மாற்றுங்கள். எடுத்த கார்டை உடனே வெட்டிக் குப்பையில் போடுங்கள். இல்லையென்றால் யாராவது நல்ல மனசோடு அதை மறுபடி டிராயரில் வைத்துவிடுவார்கள்.

இனி லூப், வலைக்குள்ளேயே பாதை வட்டமாகிவிடுவது. அலுவலக நெட்வொர்க்கில் நான் மரியாதையோடு பயப்படும் ஒரே கோளாறு இதுதான். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஓர் எண் குறையும், பூஜ்யமானால் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதைக் கம்பியில் சுமந்து போகும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவில் இரண்டு கேபிள் இருந்து, தடுக்க ஆளில்லை என்றால், எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரே ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் காலாகாலத்துக்கும் சுற்றும். சுற்றும்போதே பெருகும். சில நொடிகளில் எல்லா போர்ட்டிலும் எல்லா லைட்டும் ஒன்றுபோலப் படபடக்கும். யாருக்கும் எதுவும் வராது. ஸ்விட்சின் நிர்வாகப் பக்கம்கூடத் திறக்காது.

இதைத் தடுக்க 1985-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ராடியா பெர்ல்மன் உருவாக்கியதுதான் ஸ்பானிங் ட்ரீ. ஸ்விட்சுகள் தங்களுக்குள் இரண்டு நொடிக்கு ஒரு முறை செய்தி அனுப்பிக்கொண்டு, ஒன்றைத் தலைமையாக வைத்து, சுற்று உண்டாக்கும் போர்ட்டுகளை மூடி வைத்துக்கொள்ளும். அருமையான ஏற்பாடு, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அதன் இயல்பான நேரக் கணக்குகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 ஸ்விட்சுகளுக்கு மேல் இருக்காது என்று வைத்துப் போடப்பட்டவை. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் நாட்கணக்கில் நிலைகுலைந்து, மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது. வருடக்கணக்கில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வளர்ந்த வலையில் ஸ்பானிங் ட்ரீ தன் எல்லையைத் தாண்டியிருந்தது. அந்த மருத்துவமனை நடந்ததை மறைக்காமல் வெளியே சொன்னது. அதனால்தான் இன்றும் எங்கள் தொழிலில் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் பார்த்த லூப்புகள் இவ்வளவு பெரியவை இல்லை. பெரும்பாலும் மேசையில் இருக்கும் ஐபி ஃபோன்தான் காரணம். அதன் முதுகில் இரண்டு போர்ட் இருக்கும், ஒன்று சுவருக்கு, ஒன்று கணினிக்கு. இடம் மாற்றும்போது யாராவது இரண்டையும் சுவரிலேயே செருகிவிடுவார்கள். ஃபோனுக்குள் இருப்பதும் ஒரு குட்டி ஸ்விட்ச். சில மாடல்கள் ஸ்பானிங் ட்ரீ செய்தியைக் கடத்தாமல் விழுங்கிவிடும் என்பதால் பெரிய ஸ்விட்சுக்குச் சுற்று இருப்பதே தெரியாது. இந்த நேரத்தில் ஸ்விட்சை அணைத்துப் போட்டால் என்ன ஆகும்? எழும், ஒரு நிமிடம் நெட் வரும், எல்லோரும் கை தட்டுவார்கள், மறுபடி விழும். 'போட்டவுடன் வருது, உடனே போகுது' என்று யாராவது சொன்னால் என் மனதில் முதலில் வருவது லூப்தான்.

பார்க்க வேண்டியது லாக்கில் இருக்கிறது. ஒரே மேக் முகவரி இந்த போர்ட்டுக்கும் அந்த போர்ட்டுக்கும் தாவிக்கொண்டிருப்பதாக வரிவரியாக எழுதியிருக்கும். அந்த இரண்டு போர்ட்டில் ஒன்றைப் பிடுங்கினால் முடிந்தது. நிர்வாகப் பக்கம் திறக்கவில்லையென்றால், ஸ்விட்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிள். கன்சோல் கேபிளும் இல்லையா, ஸ்விட்சுகளை இணைக்கும் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதை எடுத்ததும் படபடப்பு அடங்குகிறது என்று பாருங்கள். பிடுங்குவதற்கு முன் எது எங்கே இருந்தது என்று ஒரு படம் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

ரீஸ்டார்ட்டே நோயைப் பரப்பும் இடம் ஒன்றும் உண்டு. இதற்கு ஓர் அலுவலகத்தில் கிடைத்த புகார் எனக்கு ரொம்பப் பிடித்தது: "சிஸ்டத்தை ஆஃப் பண்ணாம வீட்டுக்குப் போனவங்களுக்கெல்லாம் நெட் வருது. ஒழுங்கா ஆஃப் பண்ணிட்டுப் போனவங்களுக்குத்தான் வரலை." கேலியாகச் சொன்னது, ஆனால் நோயை அப்படியே சொல்லிவிட்டது. வைஃபை எட்டவில்லை என்று யாரோ வீட்டு உபயோக ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டைச் சுவரில் செருகியிருந்தார்கள். அதற்குள்ளும் டிஎச்சிபி சர்வர் இருக்கும். புதிதாக எழும் கணினி 'யாராவது முகவரி கொடுங்கள்' என்று ஊருக்கே கூவும். பெரும்பாலும் முதலில் பதில் சொன்னவர் கொடுப்பதையே வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே முகவரி வைத்திருப்பது அப்படிக் கூவாது. குத்தகைக் காலம் பாதி கழிந்ததும் பழைய சர்வரிடமே நேராகப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால்தான் அணைக்காதவர்கள் தப்பித்தார்கள். அந்தக் காலையில் யாராவது எல்லா ஸ்விட்சையும் சேர்த்து அணைத்துப் போட்டிருந்தால், நன்றாக இருந்த கணினிகளும் முகவரியைச் சரிபார்க்கக் கிளம்பி, அவற்றில் எத்தனையோ போலி ரவுட்டரிடம் போய் மாட்டியிருக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. கெட்டுப்போன கணினியில் கேட்வே முகவரி என்ன என்று பாருங்கள், ஏஆர்பி பட்டியலில் அதன் மேக் முகவரியை எடுங்கள். முதல் மூன்று ஜோடி எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லிவிடும். உங்கள் ரேக்கில் இல்லாத கம்பெனி என்றால் திருடன் அகப்பட்டான். ஸ்விட்சின் மேக் பட்டியலில் அந்த முகவரி எந்த போர்ட்டில் தெரிகிறது என்று பார்த்து, அந்த போர்ட்டை மூடிவிட்டு, அப்புறம் நிதானமாக ஆளைத் தேடலாம். டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதி உங்கள் ஸ்விட்சில் இருந்தால் போட்டு வையுங்கள். எந்த போர்ட்டிலிருந்து டிஎச்சிபி பதில் வரலாம் என்று அது கட்டுப்படுத்தும்.

சின்னதாக இன்னும் இரண்டு. சில தளங்கள் மட்டும் பாதி திறந்து தொங்கினால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவைப் பாருங்கள். ஈதர்நெட்டில் 1500 பைட்; பிராட்பேண்டில் உள்நுழையப் பயன்படும் பிபிபிஓஇ வழியாகப் போகும் இணைப்பில் 8 பைட் தலைப்புக்குப் போய் 1492. நடுவில் யாராவது பிழைச் செய்திகளைச் சுமக்கும் ஐசிஎம்பியை 'பாதுகாப்புக்காக' முழுக்க அடைத்து வைத்திருந்தால், பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்ற தகவலே அனுப்பியவருக்குப் போய்ச் சேராது. இன்னொன்று, நெட் கேபிளிலேயே மின்சாரமும் தரும் பிஓஇ ஸ்விட்சில் புதிதாக ஒரு கேமராவைச் செருகிய பிறகு வைஃபை அக்சஸ் பாயின்ட் விட்டுவிட்டு விழுந்தால், மொத்த மின்சார ஒதுக்கீட்டைக் கூட்டிப் பாருங்கள். 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை, ஏடி தரத்தில் 30 வாட் வரை என்றாலும், எல்லா போர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் அவ்வளவு தர எல்லா ஸ்விட்சாலும் முடியாது.

அப்படியானால் எப்போதுதான் ரீஸ்டார்ட் செய்வது? பார்த்து, எழுதி, லாக்கை ஒரு ஃபைலில் சேமித்து, கான்ஃபிக்கையும் சேமித்த பிறகு, தாராளமாகச் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டும். எதை அணைத்ததும் சரியானது என்பதே ஒரு பதில். அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்து அணைப்பவர்கள் மேல் எனக்குக் கோபம். சரியானபின், எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கவனியுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் ஓட, புதியவை மட்டும் திறக்காமல் போய், ரீஸ்டார்ட்டுக்குப் பின் சில மணி நேரம் சரியாக இருந்தால், நாட் பட்டியல் நிரம்புகிறது. உள்ளே ஏதோ ஒரு கணினி ஆயிரக்கணக்கில் இணைப்பு திறக்கிறது. மதியம் மட்டும் விழுந்தால் சூடு. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மந்தமானால் நினைவகக் கசிவு, எடுத்த நினைவகத்தைக் கருவி திருப்பிக் கொடுக்காமல் விடுவது.

லாக் போய்விடுமே என்ற கவலையே வேண்டாம் என்றால், ஏதாவது ஒரு பழைய கணினியில் சிஸ்லாக் சர்வர் ஒன்றை வைத்து எல்லாக் கருவிகளையும் அங்கே எழுதச் சொல்லுங்கள். அந்தக் கணினியின் முகவரியோடு யூடிபி 514 என்ற வாசல் எண், வேறு பெரிய வேலை இல்லை. கூடவே கருவிகளின் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபியும் அவசியம். நேரம் அமைக்காத சிஸ்கோ ஸ்விட்சுகளில் லாக் 1993 மார்ச் 1 என்று தொடங்கும் மாடல்கள் உண்டு. அந்தத் தேதியை வைத்துக்கொண்டு 'நேற்று மதியம் மூன்று மணிக்கு என்ன நடந்தது' என்று எப்படித் தேடுவது?

கடைசியாக, தானியங்கி ரீஸ்டார்ட். ஓர் அலுவலகத்தின் ரவுட்டர் தினமும் அதிகாலை மூன்று மணிக்குத் தானே ரீஸ்டார்ட் ஆகும்படி யாரோ அமைத்து வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியவில்லை, "அது அப்படித்தான் சார், முதல்லேர்ந்து." நான் அதை நிறுத்திவிட்டு, நினைவகப் பயன்பாட்டை மட்டும் தினமும் குறித்துவரச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, இறங்கவே இல்லை. ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதிய பதிப்போடு வந்த வெளியீட்டுக் குறிப்பில் அந்தக் கசிவைச் சரிசெய்ததாக ஒரு வரி இருந்தது. ஏற்றினோம், ஏற்றம் நின்றது. அடுத்த வாரம் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் வந்து, வெளியே உள்ள சேமிப்பகத்துக்குப் போகும் இரவு பேக்கப் அடிக்கடி நடுவில் அறுந்துகொண்டிருந்தது, இப்போது அறுவதே இல்லை, நீங்கள் அதில் கை வைத்தீர்களா என்று கேட்டார். பேக்கப் எத்தனை மணிக்கு ஓடும் என்று கேட்டேன். இரண்டரைக்குத் தொடங்குமாம்.